மறைத்து விழுங்கிய குளிசை

எனக்குத் தைரொயிட் குறைவு என்று தெரிந்தது, கலியாணம் பேசத் தொடங்கிய அதே மாதம். வெள்ளவத்தையில் எங்கள் பக்கத்து லேனில் இருந்த டொக்டர் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "பயப்பிடுற வருத்தமில்லை. கழுத்தில இருக்கிற சுரப்பி மெதுவா வேலை செய்யுது. விடிய எழும்பின உடனே வெறும் வயித்தில, தண்ணியோட ஒரு குளிசை. பிறகு அரை மணித்தியாலத்துக்குத் தேத்தண்ணிகூடக் குடிக்கக்கூடாது" என்றார். தலைமயிர் கொத்தாகக் கொட்டியதற்கும், பத்து மணித்தியாலம் தூங்கியும் உடம்பு எழும்ப மறுத்ததற்கும், கொழும்பு வெக்கையில் நான் மட்டும் போர்வை தேடியதற்கும் ஒரு பெயர் கிடைத்துவிட்டது. எனக்கு அது ஆறுதல்தான்.

அம்மாவுக்கு இடி விழுந்த மாதிரி. "கலியாணம் முடியுமட்டும் வாய் திறக்காதை. பிள்ளை தங்காது எண்டு சொல்லிப்போட்டுப் போயிடுவினம்." ஒழுங்காகக் குளிசை போட்டால் எல்லாரையும்போலப் பெறலாம் என்று டொக்டர் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை. சாதகத்தில் இருந்த செவ்வாயைக்கூட மறைக்காத மனுஷி இதை மறைத்தார். நானும் மறைத்தேன். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது.

கலியாணமாகிப் போன கொட்டாஞ்சேனை வீட்டில் குளிசை அட்டையை நாப்கின் பக்கற்றுக்குள் வைத்தேன். அங்கே யாரும் கை வைக்கமாட்டார்கள். ஆனால் விடிய எப்படிப் போடுவது? என் மாமி, கணவரின் தாய், நல்ல மனுஷி. அதுதான் கஷ்டம். நான் எழும்பும் சத்தம் கேட்டதும் பால்தேத்தண்ணியோடு வந்து, குடித்து முடிக்கும்வரை கட்டிலில் இருந்து கதைப்பார். ஆகவே எல்லாரும் சாப்பிட்டுக் கலைந்த பிறகுதான் குளிசை உள்ளே போகும். சில நாள் அதுவும் இல்லை. நான் தூங்கி வழிவதைப் பார்த்து மாமி, "வெள்ளவத்தைப் பிள்ளைகள் இப்பிடித்தான்" என்று பகிடி பண்ணுவார். நானும் சிரிப்பேன். சோம்பேறி என்று நினைத்தாலும் பரவாயில்லை, நோயாளி என்று நினைக்காவிட்டால் சரி.

பிள்ளை தங்கியது. கிளினிக்கில் மருத்துவமாது, "வேற வருத்தம், வேற குளிசை ஏதும் இருக்கோ?" என்று கேட்டார். பக்கத்தில் மாமி இருந்தார்.

"இல்லை மிஸ்" என்றேன்.

அவர்கள் தந்த இரும்புக் குளிசையையும் பிறகு தந்த கல்சியத்தையும் என் குளிசையோடு சேர்த்து ஒரே வாயில் விழுங்கினேன். எனக்கு மறைவாகக் கிடைத்த நேரம் அது ஒன்றுதான். அவை இரண்டும் தைரொயிட் குளிசையை உடம்பில் சேரவிடாதாம், நாலு மணித்தியாலம் தள்ளிப் போடவேண்டுமாம். பிள்ளை தங்கியது தெரிந்த உடனேயே இரத்தம் பார்த்து அளவைக் கூட்டவும் வேண்டுமாம். எல்லாம் பிறகுதான் தெரிந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் முதல் நாளே சொல்லித் தந்திருப்பார்கள்.

ஐந்தாம் மாதத் தொடக்கத்தில் பிள்ளை போய்விட்டது.

வார்டில் தனியாக இருந்தபோதுதான் அங்கிருந்த டொக்டரிடம் சொன்னேன். அவர் ஏசவில்லை. இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதாலதான் எண்டு உறுதியாச் சொல்லேலாது. வேற காரணமும் இருந்திருக்கலாம். ஆனா உங்கட தைரொயிட் அளவு சரியான மோசம். முதலே தெரிஞ்சிருந்தா சரி பண்ணியிருக்கலாம்" என்றார். உறுதியாகச் சொல்லமுடியாது என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இரண்டு வருடமாக வாழப் பார்க்கிறேன். முடியவில்லை. என் பிள்ளையை நானே அனுப்பிவிட்டேன் என்றுதான் மனம் சொல்கிறது.

அன்று பின்னேரம் அம்மா வந்தார். என் கையைத் தடவித் தடவி அழுதார். மாமி சுடுதண்ணி எடுக்க வெளியே போனதும், கண்ணைத் துடைத்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"அவைக்குத் தெரிஞ்சிட்டுதோ?"

"இல்லை" என்றேன்.

அம்மா நெஞ்சில் கை வைத்து, "நல்லகாலம்" என்றார். பிள்ளை போய் ஒரு நாள்கூட ஆகவில்லை. எனக்கும் அந்த நேரம் அது நல்லகாலமாகத்தான் பட்டது.