செவலை ஆடும் கேட் வாட்ச்மேனும்

இது நடந்தது போன வருஷம் கார்த்திகை மாசம், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டியிருக்கும் எங்கள் ஊரில். கூரை ஷீட் மாற்ற ஏறினவன் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தேன். என் மனைவிதான் காலை ஷிப்டில் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் பஸ் ஏறினதிலிருந்து திரும்பி வரும்வரை எங்கள் ஆடுகளில் சினையாக இருந்த செவலையைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

பார்த்துக்கொள்வது என்றால் பயந்துகொண்டே இருப்பது. நான் அப்படித்தான். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து பத்து நிமிஷம் லேட்டாக வந்தாலே வாசலில் போய் நின்றுவிடுவேன். செவலைக்கு அது தலைச்சன் ஈத்து, முதல் பிரசவம் வேறு. என் மனைவி அதைக் கைக்குட்டியாக வாங்கிவந்து பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்தாள். அதற்கு ஏதாவது ஆனால் அவள் முகத்தில் முழிக்க முடியாது.

குட்டி போடும் நேரம் நெருங்கினால் என்னென்ன தெரியும் என்று அவளிடம் கேட்டு, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தேன். ஏழாவதோடு படிப்பை விட்டவன் எழுத்து, எனக்கே சில சமயம் புரியாது. மடி இறுகிப் பளபளப்பாகும். வாலின் அடியில் இரண்டு பக்கமும் குழி விழுந்து மெத்தென்று ஆகும். கூட்டத்தை விட்டுத் தனியாகப் போய்க் காலால் மண்ணைச் சீண்டும். வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்து மெல்லக் குரல் கொடுக்கும். கண்ணாடி மாதிரி சளி நூலாகத் தொங்கும். “எல்லாம் ஒண்ணா சேரணும்யா. ஒண்ணை மட்டும் பாத்துட்டு குதிக்காத” என்று அவள் சொன்னதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டேன்.

ஒரு நாள் மடி இறுகியிருந்தது. அவ்வளவுதான், எனக்குக் கை கால் ஓடவில்லை. அவள் கம்பெனியில் போனை உள்ளே விடமாட்டார்கள், லாக்கரில் வைத்துவிட வேண்டும். கம்பெனி கேட்டில் இருக்கும் வாட்ச்மேனுக்குத்தான் போன் போட வேண்டும். ஆடு என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு “வீட்டில் அவசரம்” என்று சொல்லிவிட்டேன். மகளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து அவள் ஆட்டோவில் அழுதுகொண்டே வந்து இறங்கினாள். செவலை நிதானமாக வேப்பந்தழை தின்றுகொண்டிருந்தது.

நாலு நாள் கழித்து அது தீவனத்தைத் தொடவில்லை. மறுபடியும் போன் போட்டேன். இந்தத் தடவை ஆடு என்று உண்மையைச் சொன்னேன். அவள் வந்து பார்த்தால், முதல் நாள் மீந்த சோற்றைத் தின்று அதற்கு வயிறு மந்தம்.

“கேட்ல சிரிக்கிறாங்கய்யா. ஆட்டுக்காரம்மான்னே பேரு வச்சிட்டாங்க. இனிமே ஆடு செத்தாகூட எனக்குப் போன் பண்ணாத” என்றாள்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலை ஒன்பது மணி இருக்கும். செவலை மற்ற ஆடுகளை விட்டுச் சுவர் மூலைக்குப் போய் மண்ணைச் சீண்டியது. படுத்தது, எழுந்தது, மறுபடியும் படுத்தது. வால் அடியில் விரல் வைத்தேன், வெண்ணெய் மாதிரி உள்ளே போனது. சளி தொங்கியது. வயிற்றைத் திரும்பிப் பார்த்து, அதுவரை நான் கேட்டிராத ஒரு சின்னக் குரலில் பேசியது. காலண்டர் தாளில் இருந்த எல்லாமே கண் முன்னால் நின்றது. போனை எடுத்தேன், கீழே வைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர்க்குடம் உடைந்தது. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. முக்கியது, கத்தியது, களைத்துப் படுத்தது. ஒரு சின்னக் கால் மட்டும் வெளியே வந்து நின்றது. மாட்டு டாக்டர் பக்கத்து ஊர் முகாமில் இருந்தார், வர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். எங்கள் தெருவில் பகலில் கூப்பிட ஆள் கிடையாது, எல்லாரும் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவார்கள். நான் வெட்கத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரத்தை வீணாக்கினேன். இன்று நினைத்தாலும் எனக்கு உறுத்துகிற இடம் அதுதான்.

கடைசியில் கேட்டுக்கே போன் போட்டேன்.

“இன்னா நைனா, மறுபடியும் ஆடா?” வாட்ச்மேன் சிரித்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. “கால் மட்டும் வந்து நிக்குதுண்ணே. தலை வரல.”

சிரிப்பு நின்றது. “எவ்ளோ நேரமா?”

சொன்னேன்.

“உன் ஊட்டம்மாவ கூப்ட்டு அது வர்றதுக்குள்ள குட்டி பூடும். எங்க ஊட்லயும் ஆடுதான் நைனா. போனை சத்தமா வை, நான் சொல்றத செய். குளம்பு எந்தப் பக்கம் பாக்குது?”

“கீழ.”

“அப்போ முன்னங்காலு. தலை திரும்பிக்கினு இருக்கும். நகத்த வெட்டு, முட்டி வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவு, எண்ணெய் தடவிக்கோ.”

கவிழ்த்த பக்கெட் மேல் போனை வைத்தேன். உடைந்த காலை நீட்டி மண்ணில் உட்கார்ந்தேன். நகம் வெட்டி, கழுவி, எண்ணெய் தடவிய கையை அதன் பக்கம் கொண்டுபோனேன்.

“கை நடுங்குதுண்ணே. என்னால ஆவாது.”

“நடுங்கட்டும். நடுங்குற கையவே உள்ள வுடு. அது முக்கும்போது சும்மா இரு. முக்கல் நின்னதும் குட்டிய மெதுவா பின்னால தள்ளி, தலைய தேடு.”

விட்டேன். உள்ளே அவ்வளவு சூடு இருக்கும் என்று நினைக்கவில்லை. செவலை கத்திய கத்தலில் எனக்குக் கண் இருட்டியது. அந்த நேரம் பார்த்துப் போனில் லாரி ஹாரன்.

“லாரி வந்துக்கினு கீது, கேட்டு தொறந்துட்டு வரேன். கைய எடுக்காத நைனா!”

அவர் போய்விட்டார். கேட் இழுக்கும் சத்தம், டிரைவர் யாரையோ திட்டும் சத்தம் எல்லாம் பக்கெட்டிலிருந்து கேட்டது. கையை எடுத்தால் செத்துவிடும், வைத்திருந்தாலும் கிழித்துவிடுவேனோ என்று பயம். என் பெருமூச்சும் செவலையின் பெருமூச்சும் ஒன்றாகக் கேட்டன. வாட்ச்மேன் வரவே இல்லை.

அப்போது என் விரல் நுனியை ஏதோ கவ்வியது. பல்லில்லாத சின்ன வாய். சப்பியது.

உயிரோடு இருக்கிறது. தலை எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்துவிட்டது. முக்கல் நிற்கும்வரை காத்திருந்து, உடம்பைப் பின்னால் தள்ளி, தாடையைப் பிடித்து மெல்ல என் பக்கம் திருப்பினேன். ஏதோ வழுக்கிக்கொண்டு வந்து வழியில் சேர்ந்த மாதிரி இருந்தது. செவலை அடுத்து முக்கியபோது கூடவே கீழ்ப்பக்கமாக இழுத்தேன். மொத்தமாக என் மடியில் வந்து விழுந்தது. அசையவில்லை.

“இன்னா ஆச்சு?” வாட்ச்மேன் குரல் மூச்சிரைத்தது. ஓடி வந்திருப்பார் போல.

“வந்துடுச்சுண்ணே, ஆனா மூச்சு இல்ல.”

“மூஞ்சிய தொடச்சு வுடு. வைக்கோல் எடுத்து மூக்குல வுட்டு நோண்டு, நோண்டு!”

நோண்டினேன். தும்மியது. பிறகு கத்தியது. போனுக்குள் அவர் போட்ட சத்தத்தில் செவலையே திரும்பிப் பார்த்தது. கால் மணி நேரத்தில் இரண்டாவது குட்டி என்னைக் கேட்காமல் தானே வந்துவிட்டது.

மதியம் ஷிப்ட் விட்டு வந்த என் மனைவி, காய்ந்த ரத்தத்தோடு இருந்த என் சட்டையையும், மடியை முட்டிக் குடிக்கும் இரண்டு குட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். கேட்டில் வாட்ச்மேன் சொல்லி அனுப்பியிருந்தாராம்: “ஆட்டுக்காரம்மா, சீக்கிரம் ஊட்டுக்குப் போ. உன் ஊட்டுக்காரரு டாக்டர் ஆயிட்டாரு.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்புறம் என் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்து, “இன்னொரு தடவை இப்படின்னா போன் பண்ணுய்யா. யார் சிரிச்சா இன்னா?” என்றாள்.

கால் சரியானதும் நன்றி சொல்ல அந்தக் கேட்டுக்குப் போனேன். அவரை வேறு கம்பெனிக்கு மாற்றிவிட்டார்கள். முகம் எப்படியிருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் பயம் ஒன்றும் என்னை விட்டுப் போய்விடவில்லை. இப்போதும் எதற்கெடுத்தாலும் கை நடுங்குகிறது. நடுங்கும்போதெல்லாம் விரலைச் சப்பிய அந்த வாய் ஞாபகம் வரும்: வந்த கை நடுங்குகிறதா என்று அது பார்க்கவில்லை, யாரோ வந்துவிட்டார்கள் என்று மட்டும் தெரிந்துகொண்டு பிடித்துக்கொண்டது.