சிம்பாங் ரெங்கத்தில் விட்டுவந்த சப்பாத்து

மலாயாவில், கூலாய்ப் பக்கம் எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் நானும் என்னைப் போலத் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் இன்னும் இரண்டு இளம் கிராணிகளும் சேர்ந்து, கைவிடப்பட்ட புகைக்கூடம் ஒன்றில் நாய்க் காப்பகம் நடத்தி வந்தோம். ஆரம்பித்து ஒரு மழைக்காலம்கூட முழுதாகக் கழியவில்லை. அதற்குள் நான் மற்றக் காப்பகங்களுக்கு ஆலோசனை சொல்லத் தயாராகிவிட்டேன். கேட்கத்தான் ஆளில்லை.

அப்போதுதான் சிம்பாங் ரெங்கம் பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி ஒருவர், தாமும் ஒரு காப்பகம் தொடங்கியிருப்பதாகவும், யாராவது வந்து வழிகாட்டினால் தேவலை என்றும் சொல்லியனுப்பினார். மற்ற இருவரும் வாயைத் திறப்பதற்குள் நான் பெட்டியைக் கட்டிவிட்டேன். சிங்கப்பூரில் வாங்கிய பழுப்புச் சப்பாத்தையும் மாட்டிக்கொண்டேன். ஆலோசகன் வெறுங்காலோடு போய் இறங்கினால் யார் மதிப்பார்கள்?

கங்காணி ஓங்குதாங்கான ஆள். விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அவர் குரல் கேட்டால் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். ஆனால் வீட்டில் ஒரு நொண்டி நாயை மடியில் வைத்துக்கொண்டு, "சாப்டியா கண்ணு?" என்று கேட்கிறவர். அந்த நாய்தான் வினை. ஒரு நாள் அது தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பூட்ஸைக் கவ்விவிட, தொழிலாளர் குடியிருந்த லயத்து நாய்களையெல்லாம் சுட்டுவிடும்படி துரை உத்தரவு போட்டுவிட்டார். கங்காணி கெஞ்சியதில் தவணை கிடைத்தது. எல்லா நாய்களையும் ஓரிடத்தில் வைத்துப் பழக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை துரை வந்து பார்ப்பார். ஒழுங்காக இருந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் துப்பாக்கி. முதல் குண்டு நொண்டிக்கு.

கொட்டகையைக் கங்காணி கோயில் மாதிரி வைத்திருந்தார். சாணம் தெளித்து, வாசலில் கோலம் போட்டு, உள்ளே யாரும் காலணியோடு போகக் கூடாது என்று கட்டளை. அதை அவர் சொல்வதற்குள் நான் பிரசங்கத்தை ஆரம்பிக்கும் அவசரத்தில் சப்பாத்தோடு உள்ளே நுழைந்துவிட்டேன். அடுத்த கணம் அத்தனை நாய்களும் என் காலை நோக்கி வந்தன, நொண்டிதான் முன்னணியில். மீதிப் பிரசங்கத்துக்கு நான் கூரை விட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தேன்.

"அலமாக், தப்பா நெனைக்காதீங்க தம்பி," என்றார் கங்காணி கீழேயிருந்து. "அவுங்க சப்பாத்துக் காலப் பாத்ததே கம்மி. இங்க எல்லாரும் வெறுங்கால்தான்." நாய்களை அவர் 'அவுங்க' என்றுதான் சொல்வார்.

சொல்லி முடித்ததும் அவர் முகம் வெளுத்தது. ஞாயிற்றுக்கிழமை துரை வருவது பூட்ஸோடு.

ஆலோசனை எனக்கு விட்டத்திலேயே உதித்தது. நாய்களுக்குச் சப்பாத்தைப் பழக்க வேண்டும். லயத்தில் இருந்ததோ என் ஒரு ஜோடிதான். அன்றிலிருந்து லயமே முறைபோட்டு அதை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குள் நடந்தது. ரப்பர்ப் பால்மரத்துக்கு விடியலில் ஓடுகிற கால்களுக்கு அது பிடிக்கவேயில்லை. இடது வலது மாறிப் போட்டவர்கள் பாதி, பின்பக்கமாக நடந்தவர்கள் மீதி. கங்காணியின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாத்து மாதிரி சுற்றி வந்தார். சப்பாத்து உள்ளே வரும்போதெல்லாம் நாய்களுக்குக் கருவாடு. வாரம் முடிவதற்குள் என் சப்பாத்தைக் கண்டாலே வாலாட்டி, வட்டமாக உட்கார்ந்து, எச்சில் ஒழுக அதையே தரிசிக்கத் தொடங்கிவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா புதுச் சாணம் தெளித்துவிட்டு, "இன்னிக்காச்சும் சுத்தமா இருக்கட்டும் தம்பி," என்று என் சப்பாத்தை வாசலிலேயே கழற்ற வைத்தார். நானும் கழற்றினேன்.

துரை வந்தார். கோலத்தைப் பார்த்தார், கழற்றிக் கிடந்த சப்பாத்தைப் பார்த்தார். லயத்துக் கோயில் திருவிழாக்களில் நின்று பழகிய மனிதர். உடனே குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்.

"தொரை சப்பாத்தோடவே வரலாங்க," என்றார் கங்காணி. அழாத குறை.

"நான் மரியாதை தெரியும்," என்று துரை கதவைத் திறந்துகொண்டு காலுறையோடு உள்ளே வந்தார்.

காலுறை என்பதை அந்த நாய்கள் ஜென்மத்தில் கண்டதில்லை. நான் விட்டத்தைப் பார்த்து வைத்துக்கொண்டேன். ஆனால் அவை துரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரைத் தாண்டி வெளியே ஓடி, பூட்ஸையும் என் சப்பாத்தையும் சுற்றி வட்டமாக உட்கார்ந்துகொண்டன. கொஞ்ச நேரம் காத்திருந்தும் கருவாடு வராததால், நொண்டி ஒரு பூட்ஸைக் கவ்விக்கொண்டு உள்ளே வந்து, முந்தானையில் கருவாடு முடிந்திருந்த அக்காவின் காலடியில் போட்டது. பக்கத்தில் நின்ற துரை தமக்குத்தான் என்று எடுத்துக்கொண்டார்.

"இது முன்னே கடிச்ச நாய்தானே?"

"ஆமாங்க தொரை. இப்ப எடுத்துக் குடுக்குதுங்க."

துரைக்குப் பரம திருப்தி. சுடும் உத்தரவு ரத்து. கங்காணி கண்ணைத் துடைத்துக்கொள்ளும்போதே அடுத்த இடி: பூட்ஸ் எடுத்துத் தர இந்த நாய் தம் பங்களாவிலேயே இருக்கட்டும் என்றார் துரை. கங்காணி நொண்டியை வாரி மார்போடு அணைத்துக்கொண்டார். அக்காதான் பதில் சொன்னார்.

"தாராளமா இருக்கட்டுங்க. ஒவ்வொரு தடவையும் கருவாடு குடுக்கணும். பூட்ஸ் உள்ளாரயும் கொஞ்சம் வச்சா நல்லா எடுக்கும்."

துரை கையிலிருந்த பூட்ஸை மோந்து பார்த்தார். நாய் லயத்திலேயே இருப்பதுதான் நல்லது என்று முடிவாயிற்று.

துரை அடுத்த மாதமும் வருவதாகச் சொல்லியிருந்ததால், பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று கங்காணி என் சப்பாத்தைத் தரவில்லை. வெறுங்காலோடு கூலாயில் வந்து இறங்கினேன். எங்கே சப்பாத்து என்று மற்றக் கிராணிகள் கேட்டார்கள்.

"ஆலோசனையா குடுத்துட்டேன்," என்றேன்.