அக்கா ரியாக்ட் படித்த கதை

என் அக்காவோடு செருப்பு வாங்கப் போகிறவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது. கடையில் இருக்கிற எல்லாச் செருப்பையும் கீழே இறக்கச் சொல்லி, ஒவ்வொன்றாகப் போட்டு நடந்து பார்த்து, கடைக்காரர் அழப்போகிற நேரத்தில், "எதிர்க்கடையையும் ஒரு எட்டு பாத்துடலாமே" என்பாள். இப்பேர்ப்பட்டவள்தான் முப்பத்தொன்பது வயதில், வெப் டெவலப்பர் ஆகப்போகிறேன் என்று கிளம்பினாள்.

கிளம்பியதற்குக் காரணம் இருந்தது. அவள் ஒரு பல் கிளினிக்கில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தாள். டாக்டருக்கு வயதாகிவிட்டது, வருஷக் கடைசியில் கிளினிக்கை மூடிவிட்டு மகளோடு போய் இருக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டார்.

"வேற கிளினிக்ல சேந்துக்கோயேன்க்கா" என்றேன்.

"இன்னொரு கவுன்ட்டர்ல உக்காந்து இன்னொருத்தர் பல்லுக்கு டோக்கன் குடுக்கவா? முடியாதுடி."

மாலை வகுப்பில் சேர்ந்தாள். அடிப்படையெல்லாம் கடகடவென்று கற்றுக்கொண்டாள். அடுத்தது ஃப்ரேம்வொர்க். இணையப் பக்கம் ஒன்றை முதலிலிருந்து கட்டிக்கொண்டிருக்காமல், பாதியை யாரோ முன்கூட்டியே செய்து வைத்திருக்கும் சட்டகம் அது. ரியாக்ட், ஆங்குலர், வியூ என்று பல உண்டு. "எதுக்கு வேலை அதிகமோ அதைப் படிங்க" என்று வகுப்பு வாத்தியார் போகிற போக்கில் சொல்லித் தொலைத்தார். அதற்குப் பிறகு அக்காவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறப்பாள். வேலை விளம்பரங்களில் எந்தப் பெயர் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி, கலர் கலராகக் கட்டம் போடுவாள். எது முந்துகிறதோ, திங்கட்கிழமை அதைத் தொடங்கிவிடுவாள். முதலில் ரியாக்ட். ஆங்குலர் முந்தியதும் மூட்டை முடிச்சோடு அங்கே போனாள். பிறகு வியூ. நடுவில் மறுபடி ரியாக்ட். ஒவ்வொன்றிலும் பயிற்சிக்காகச் செய்தது ஒரே விஷயம்தான்: கிளினிக்குக்கு அப்பாயின்ட்மென்ட் பக்கம். ஒவ்வொரு தடவையும் லாகின் பக்கம் முடிகிற நேரத்தில் கட்டம் மாறிவிடும். ஆக, அருமையான லாகின் பக்கங்கள் மூன்று அவளிடம் இருந்தன. பெயர் கேட்கும், பாஸ்வேர்ட் கேட்கும். கொடுத்தால் வெள்ளைத் திரை.

"மூணு வாசக்கதவு செஞ்சு வச்சிருக்கா உங்கக்கா. வீட்டைத்தான் காணோம்" என்றார் மாமா. அக்கா வீட்டுக்காரர். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர்.

"சிரிங்க, சிரிங்க. தப்பானதைப் படிச்சுட்டு நடுத்தெருவுல நிக்கப்போறது நான்தானே?" என்றாள் அக்கா.

அவளுக்கு உள்ளுக்குள் அவ்வளவு பயம். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்துதான் சிரித்தோம், வேறு என்ன செய்வது?

ஒரு ஞாயிறு, வியூவின் கட்டம் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. எனக்கு என்னவோ உதைத்தது. விளம்பரங்களைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லாவற்றிலும் ஒரே தெரு, ஒரே கட்டடம், ஒரே மாடி.

"அக்கா, ஒரே கம்பெனிக்கா! ஒரே ஒரு ஆளுக்கு ஏழெட்டு ஏஜென்ட்டுங்க ஆளாளுக்கு விளம்பரம் போட்டிருக்காங்க. ஒரு நாற்காலியை நம்பியா ஆங்குலரைத் தூக்கிப் போட்ட?"

அவள் முகம் சுண்டிப்போனது. ஆனால் விடவில்லை. "சரி, அப்ப அந்த நாற்காலிக்கே அப்ளை பண்றேன்" என்று பண்ணியும் விட்டாள். இன்டர்வியூவுக்கும் கூப்பிட்டார்கள்.

அங்கே ஒரு அம்மா கேட்டாராம், வியூவை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று. இந்தக் கேள்விக்காகவே பிறந்தவள் அக்கா. மூன்றையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மேய்ந்திருக்கிறாள். அந்த அம்மா அசந்துபோய், "அப்ப இதுலயே இருக்கப்போறீங்களா?" என்றாராம்.

"இந்த வாரம் இதுதான் மேடம்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

இதைக் கேட்டதும் மாமா சமையலறைக்கு ஓடி, குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தார். நான் ஓடவெல்லாம் இல்லை, அங்கேயே சிரித்தேன். அக்காவும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு பொலபொலவென்று அழுதுவிட்டாள். "கிளினிக் போர்டைக் கழட்டுறப்ப என்னையும் கழட்டி வச்சிடுவாங்கடி. அதுக்குள்ள ஏதாவது ஆகணும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எதையாவது ஒண்ணை முடிச்சுத் தொலையேன்க்கா!"

"எதைடி?"

"எது திறந்திருக்கோ அதை!"

என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். நானும் வீம்பாகவே இருந்தேன்.

என் பேச்சைக் கேட்டு அவள் எதையும் முடிக்கவில்லை. நோயாளிகள்தான் முடிக்க வைத்தார்கள். ஒரு சனிக்கிழமை காலை, ஒரே நேரத்துக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள். டாக்டர் ஒருவருக்கு வாய்வார்த்தையாகச் சொல்லிவைத்த நேரத்தையே அக்கா போனில் இன்னொருவருக்குக் கொடுத்திருந்தாள். ஒருவருக்குக் கன்னம் வீங்கியிருந்தது, இன்னொருவருக்குத் தொண்டை பெரிசு. இரண்டு பேரும் அக்காவைப் பிடித்துக்கொண்டார்கள். டாக்டர் எதுவும் காதில் விழாதது போல உள்ளே மெஷினை ஓடவிட்டார்.

அன்று மாலை கைப்பையை விட்டெறிந்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தாளாம். அந்த வாரக் கணக்குக்குத் திறந்திருந்தது ரியாக்ட். கட்டம் எதையும் பார்க்காமல் அதிலேயே வேலையைத் தொடங்கியிருக்கிறாள்.

"எப்படியும் மூடப்போற கிளினிக்தானே, செஞ்சு பாரும்மா" என்று டாக்டர் விட்டுவிட்டார். கொஞ்ச நாளில் நோயாளிகள் அதில் நேரம் குறிக்கத் தொடங்கினார்கள். கூடவே திட்டவும் தொடங்கினார்கள். கேன்சல் பண்ண வழி இல்லை, என் பையனுக்குப் போட்டால் என் பேரில் வருகிறது, எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை. அவளுக்கு ஞாயிறெல்லாம் இதைச் சரிபண்ணவே போதவில்லை. ஒருநாள் சமாதானமாகப் போகலாமே என்று, "இந்த வாரம் எதுக்கா முந்துது?" என்றேன்.

"போடி, தலைக்கு மேல வேலை கிடக்கு" என்றாள். பேசிவிட்டாள், அதுவே போதும் என்று வந்துவிட்டேன்.

அடுத்த இன்டர்வியூ, நூலகங்களுக்கு மென்பொருள் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில். அவர்களுடையது ஆங்குலர். அக்கா மழுப்பவில்லை. "ஆங்குலர்ல எனக்கு லாகின் பக்கம் வரைக்கும்தான் வரும். ரியாக்ட்ல இதை முழுசா முடிச்சிருக்கேன்" என்று கிளினிக் பக்கத்தைத் திறந்து காட்டினாள். அவர்கள் ஒரே நேரத்துக்கு இரண்டு பேரைப் போட்டுப் பார்த்தார்கள். அது விடவில்லை. ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது: 'ஊசி என்றால் பயம்.'

"இது எதுக்கு?" என்றார் ஒருவர்.

"பயப்படறவங்களுக்கு முதல் நேரத்தைக் குடுத்துடணும் சார். வெளிய உக்காந்து மெஷின் சத்தத்தைக் கேட்டாங்கன்னா, எழுந்து போயிடுவாங்க."

"இப்படி வேணும்னு யாராவது கேட்டாங்களா?"

"யாரு சார் கேப்பா? ஓடிப்போனவங்க திரும்பி வந்தா கேப்பாங்க?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்களாம். சொல்லியனுப்புகிறோம் என்றார்களாம். அப்படிச் சொன்னவர்கள் எத்தனை பேர் சொல்லியனுப்பியிருக்கிறார்கள்? அக்கா ஆசையை அன்றைக்கே விட்டுவிட்டாள்.

அந்த நூலகக் கம்பெனியிலிருந்து போன் வந்தபோது நான் கிளினிக்கில்தான் இருந்தேன், பல் சுத்தம் பண்ணிக்கொள்ள. போனைக் காதில் வைத்துக்கொண்டு, "சார், ஒரு நிமிஷம் இருங்க, பேஷன்ட் நிக்கிறாங்க" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. நின்றிருந்தவரை உட்கார வைத்துவிட்டு வந்து, "ம்... ம்... சரிங்க சார்" என்றாள். பிறகு தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். வைத்துவிட்டாள்.

"என்னக்கா?"

"ஒண்ணாம் தேதி வரச் சொல்றாங்கடி. ஆங்குலரை அங்க வந்து கத்துக்கலாமாம்." டோக்கன் கட்டை நேராக்கி வைத்தாள். "மெயில் ஐடி குடுப்பாங்களாம். என் பேர்ல."

உள்ளேயிருந்து டாக்டர், "ரிசப்ஷன்!" என்று கூப்பிட்டார்.

"பதினாலு வருஷமா இதான்டி என் பேரு" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

எனக்குத் தாங்கவில்லை. அத்தனை நோயாளிகளும் திரும்பிப் பார்க்கும்படி, அவள் பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டேன். பிறந்ததிலிருந்து அக்கா என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கவுன்ட்டரைத் தாண்டிக் கையை நீட்டி என் மண்டையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

"கொழுப்புடி உனக்கு" என்றாள். பிறகு, "இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.