எஃப் டிரைவில் அம்மா

குரோம்பேட்டை பக்கத்து அஸ்தினாபுரத்தில் என் அம்மா மீன் விற்றாள். விடிவதற்கு முன்பே காசிமேட்டில் மீன் எடுத்து, ரயிலில் வந்து இறங்கி, கூடையோடு தெருமுனையில் நின்று "மீனேய்ய்... சங்கரா, நெத்திலி, மத்தி..." என்று ஒரு இழுப்பு இழுப்பாள். மூன்றாவது தெருவில் கதவு திறக்கும். எதிர்த்த வீட்டு நாய்கூட ஒரு நிமிஷம் குரைப்பதை நிறுத்தும்.

நான் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும்போது அவள் கழுத்தில் கட்டி வந்தது. தைராய்டு என்றார்கள். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, குரல் பழையபடி வராமலும் போகலாம் என்றார் டாக்டர். அம்மாவுக்கு உயிர்ப்பயம் கொஞ்சமும் இல்லை. "கொரலு பூட்ச்சின்னா எவ வந்து மீன் வாங்குவா?" என்று பஸ்ஸில் வழிநெடுக என்னை அரித்தாள்.

என்னிடம் பர்மா பஜாரில் வாங்கிய எம்பி3 பிளேயர் ஒன்று இருந்தது. விரல் நீளம்தான் இருக்கும். பாட்டும் பாடும், பேசினால் பதிவும் செய்யும். மறுநாள் அம்மா கூவும்போது அதை அவள் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"இன்னாடி இது? இம்மாந்துண்டுல நான் பூந்துக்குவனா?"

பூந்துகொண்டாள். ஆனால் பஜார் சரக்கு எப்போது மண்டையைப் போடும் என்று சொல்ல முடியாது. சிடியில் போட்டு வைக்கலாம் என்று அவளையும் அழைத்துக்கொண்டு குரோம்பேட்டையில் ஒரு பிரௌசிங் சென்டருக்குப் போனேன்.

அதுவரை பாட்டு ஏற்றித் தந்தவர் கடைக்காரர். பிளேயரின் மூடியைக் கழற்றி நானே கம்ப்யூட்டரில் செருகியது அன்றைக்குத்தான். 'டொடிங்' என்றது. திரையில் சி, டி, ஈ என்று இருந்த வரிசைக்குக் கீழே எஃப் என்று புதிதாக ஒன்று முளைத்தது. பாட்டுப் பெட்டி என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதுவும் ஒரு டிரைவாம்! திறந்தால் சினிமாப் பாட்டுகளோடு ஒரு ஃபோல்டர், அதற்குள் ஒரே ஒரு ஃபைல். மூன்று தெருவை எழுப்புகிற குரல் அங்கே ஒற்றை வரியாக உட்கார்ந்திருந்தது. எனக்கு நிஜமாகவே புல்லரித்தது.

தட்டினேன். "மீனேய்ய்!" என்று ஸ்பீக்கர் அலறியது. பக்கத்து கேபின்காரர் எழுந்து எட்டிப் பார்த்தார். அம்மா சட்டென்று தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஃபைலை காப்பி செய்து கம்ப்யூட்டரில் போட்டேன். காப்பி ஆகும்போது திரையில் ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்குக் காகிதம் பறப்பதை அம்மா மூச்சுவிடாமல் பார்த்தாள்.

"அங்க பூட்ச்சா? அப்ப இதுல இல்லியா?"

"இதுலயும் இருக்கும்மா, அதுலயும் இருக்கும். எடுத்தா கொறையாது."

அவள் கழுத்துக் கட்டியின் மேல் கையை வைத்தாள். "அப்ப இங்கியும் இருக்குமா?"

சிடி எழுதி முடிகிறவரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இயர்போனை அவள் காதில் வைத்தேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் கூவுது இந்தப் பொம்பள, இவளையே தெருவுக்கு அனுப்பு" என்று கிசுகிசுத்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

குரல் திரும்பவில்லை. உடம்பு தேறியதும் அம்மா வியாபாரத்துக்குக் கிளம்பினாள். கூடையை நான் தூக்கிக்கொண்டேன். தெருமுனையில் நின்று, ஒரு காதில் இயர்போனில் அவளைக் கேட்டபடியே "மீனேய்" என்றேன். ஒரு கதவும் அசையவில்லை. அம்மா கையை உயர்த்தி, இன்னும் மேலே ஏற்று என்று காட்டினாள். வெட்கத்தை விட்டேன். அடிவயிற்றிலிருந்து இழுத்தேன்.

எதிர்த்த வீட்டில் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. கதவு திறப்பதற்குள்ளேயே அந்த வீட்டு அக்காவின் குரல் வந்தது.

"என்ன மீன்காரம்மா, குரல் திரும்ப வந்துடுச்சா?"

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே, ஆமாம் என்று தலையாட்டினாள்.