மண்டபத்து அண்ணாச்சியின் மார்கழி முகூர்த்தம்

செய்தி எங்கள் வீட்டுக்கு இரவுச் சாப்பாட்டின்போது வந்தது. அப்பா தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் அம்மாவிடம், "மண்டபத்துக்காரரு போயிட்டாராம். மத்தியானம் நெஞ்சு வலிக்குன்னு படுத்தவரு எந்திரிக்கலையாம்" என்றார். பெயரைச் சொல்லவில்லை. அம்மா எனக்கு ரசம் ஊற்றினாள். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டு முடித்தேன். எங்கள் வீட்டில் சங்கரலிங்கம் அண்ணாச்சியின் பெயரைச் சொல்லி மூன்று வருஷமாகிறது.

பதினாறாம் நாள் ஸ்கேட்டிங் பிள்ளைகள் எல்லோரும் அவர் மண்டபத்தில் கூடுகிறார்கள், அங்கே வாசிக்க நான்தான் எழுதித் தரவேண்டும் என்று எங்களுக்கு ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுத்த ஸ்டெல்லா டீச்சர் சொல்லியனுப்பினார். எல்லோரும் தூங்கிய பிறகு அடுக்களையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணினால் டீச்சர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணாச்சிக்குப் பாத்திரக் கடை இருந்தது, கல்யாண மண்டபமும் இருந்தது. கடையை மகன்கள் பார்த்துக்கொண்டார்கள். அவர் பார்த்தது மண்டபத்தை மட்டும். பாளையங்கோட்டையில் பாதிப் பேருக்குத் தாலி ஏறியது அங்கேதான். ஆகவே நாலு பேர் சேர்ந்து நின்றால் அவர் கண்ணுக்கு அது கல்யாணக் கூட்டமாகவே தெரியும். டீச்சர் முதல்முதலாக எங்களை அவரிடம் கூட்டிக்கொண்டு போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்பதுதான்.

"ரெண்டும் இல்ல அண்ணாச்சி. ஸ்கேட்டிங் போட்டி."

"சரி, எத்தன பந்தி?" என்றார்.

அவர் வீட்டுப் பெரியவர்களும் இதைக் கேட்பார்கள் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். டிவியில் பனிக்கட்டியின் மேல் பெண்கள் பாட்டுக்கு ஏற்றபடி வளைந்து சுழன்று ஆடுவார்களே, அதையே நாங்கள் நாலு சக்கரம் வைத்த காலணியோடு சிமெண்ட் தளத்தில் ஆடுகிறோம். மூன்று வருஷத்துக்கு முன்னால் மாநிலப் போட்டி முதல் தடவையாக நம் ஊருக்கு வருவதாக இருந்தது. ஆற்றுப் பக்கம் இருந்த எங்கள் தளத்துக்கு வெள்ளையடித்து, கொடிக்கம்புகூட நட்டாகிவிட்டது. ஐப்பசி கடைசியில் வெள்ளம் வந்தது.

அந்த வெள்ளத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் வடிந்தபோது எங்கள் தளத்தின் மேல் முழங்கால் உயரம் வண்டல் கிடந்தது. வேரோடு வந்த ஒரு மருதமரம் குறுக்கே விழுந்திருந்தது. டீச்சர் வீட்டுக் கீழறையில் வைத்திருந்த எங்கள் கேசட்டுகளெல்லாம் சேற்றில் ஊறிப்போயின. போட்டியை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்கலாம் என்று சென்னையிலிருந்து தகவல் வந்தது.

மற்றவர்களுக்கு அது ஒரு தேதி. எனக்கு அப்படி இல்லை. அந்த டிசம்பரோடு பதினாலு வயதுக்குட்பட்டவர்கள் பிரிவில் என் காலம் முடிந்துவிடும். அதைவிடப் பெரியது அப்பா வைத்திருந்த கெடு. "இந்த ஒரு போட்டிதான். வருசம் பொறந்தா சக்கரத்தத் தூக்கிப் பரண்ல போட்டுரணும். அக்கா கல்யாணம் முடிஞ்சா அடுத்தது நீ. ரோட்டுல சக்கரங் கட்டிக்கிட்டுத் திரியுத பிள்ளைய யாரு கேப்பா?" என்று சொல்லியிருந்தார். அக்கா கல்யாணம் தை மாதம், அண்ணாச்சியின் மண்டபத்திலேயே, நிச்சயமாகியிருந்தது.

வருஷம் முடிவதற்குள் ஒரு வழவழப்பான பெரிய தளம் வேண்டும். ஸ்டெல்லா டீச்சர் ஊரெல்லாம் அலைந்தார். கடைசியில்தான் அவருக்கு அது தோன்றியிருக்கிறது. மார்கழியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. மண்டபங்கள் எல்லாம் பூட்டிக் கிடக்கும்.

ஆனால் அண்ணாச்சியின் மண்டபம் பூட்டிக் கிடக்கவில்லை. வெள்ளத்தன்று ராத்திரி சிந்துபூந்துறையிலிருந்தும் வண்ணார்பேட்டையிலிருந்தும் ஓடிவந்தவர்களுக்கு அவர் கதவைத் திறந்துவிட்டிருந்தார். கார்த்திகையில் கல்யாணம் வைத்திருந்தவர்களிடம், "கோயில்ல வச்சுத் தாலியக் கட்டிக்கிடுங்க. இவுங்கள நான் எங்கன கொண்டு வைக்க?" என்று கையைக் கூப்பிவிட்டார். பலர் வீடு திரும்பிவிட்டார்கள். சுவரே இல்லாமல் போன சில குடும்பங்கள் மட்டும் மார்கழியிலும் அங்கேயே இருந்தன. சென்னையிலிருந்து வந்த ஸ்கேட்டிங் சங்க அதிகாரி ஒருவர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தரை நல்லாயிருக்கு. இவங்களைக் காலி பண்ணிடுங்க, இந்த மாசமே போட்டி" என்றார்.

"காலி பண்ணி? ஆத்துக்குள்ள எறக்கிவிடவா?" என்றார் அண்ணாச்சி. "முதல்ல இவுங்க போட்டும். பொறவு உங்க சக்கரம் உருளட்டும்."

"அப்போ அடுத்த வருஷம்தான் சார்."

"வையுங்க. வருசம் எங்கயும் ஓடிராது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டும் சத்தம் வெளியே கேட்டுவிட்டது. தூணருகே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த முத்தம்மாக்கா என்னைப் பார்த்தார். சிந்துபூந்துறையில் இட்லிக்கடை வைத்திருந்தவர். கடை போய்விட்டது, அடுப்புக்கல்கூட மிஞ்சவில்லை. "யாருளா அது அழுதது? இந்தப் பிள்ளையா?" என்று கேட்டுவிட்டு அண்ணாச்சியிடம் திரும்பினார். "அண்ணாச்சி, கீழ சாப்பாட்டு ஹாலு சும்மாதான கெடக்கு. நாங்க அங்கன படுத்துக்கிடுதோம். பிள்ளையளு மேல ஆடிட்டுப் போட்டும். நாங்களும் ஒரு நல்லது பாத்து நாளாச்சு."

அண்ணாச்சி அதிகாரியைப் பார்த்து, "கேட்டீரா? மண்டபத்துச் சொந்தக்காரங்க சம்மதிச்சிட்டாங்க" என்றார்.

வருஷத்தின் கடைசி வெள்ளிக்கிழமை என்று தேதி குறித்தார்கள். காலை பத்தரைக்குத் தொடக்கம் என்று அதிகாரி சொன்னதும் அண்ணாச்சி துள்ளினார். "வெள்ளிக்கிழம பத்தரைக்கா? ராகு காலத்துல நான் அடுப்புகூடப் பத்தவைக்க மாட்டேன்வே!" கடைசியில் பன்னிரண்டு மணிக்கு மேல் என்று முடிவாயிற்று. மாநிலப் போட்டியின் நேரத்தை ராகு காலம் பார்த்து மாற்றிய ஒரே ஊர் நம்முடையதாகத்தான் இருக்கும்.

கேசட் இல்லாமல் நான் எதற்கு ஆடுவது என்று நின்றபோதும் அண்ணாச்சிதான் தந்தார். பாடல் வரிகள் இருக்கக் கூடாது, வாத்திய இசை மட்டும்தான் என்பது விதி. "அம்புட்டுதான? நம்மகிட்ட நாயனம் கெடக்கு" என்று மண்டபத்து அலமாரியிலிருந்து ஒரு நாகஸ்வர கேசட்டை எடுத்துக் கொடுத்தார். மெதுவாகத் தொடங்கும். நடுவில் தவில் தனியாகப் பேசும். முடிவில் இரண்டும் சேர்ந்து பொழியும். அதற்கு ஏற்றபடி என் ஆட்டத்தை மாற்றினேன். கடைசிச் சுழற்சி அந்தப் பொழிவில் வரும்படி வைத்தேன்.

அன்றைக்கு வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. ஒவ்வொரு ஊர்ப் பிள்ளைகள் இறங்கும்போதும் அண்ணாச்சி சந்தனமும் கற்கண்டும் நீட்டி, "வாங்க, வாங்க, வழியெல்லாம் சௌரியமா?" என்று சம்பந்தியை அழைப்பதுபோல அழைத்தார். பன்னீர்ச் செம்பை மட்டும், தரை வழுக்கும் என்று டீச்சர் பிடுங்கி வைத்துவிட்டார். மணமேடையில் நடுவர்கள் உட்கார்ந்தார்கள். தலைமை நடுவர் அம்மாவுக்கு மணப்பெண் நாற்காலி. ஒவ்வொரு பிள்ளையின் சக்கரத்தையும் அண்ணாச்சி விரலால் தடவி, இரும்பு இல்லை, ரப்பர்தான் என்று உறுதி செய்துகொண்டு, அப்புறம்தான் தன் மொசைக் தரையில் ஏறவிட்டார். கீழே தங்கியிருந்தவர்கள் எல்லோரும் வந்து ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

நான் கடைசி ஆள். பின்வரிசையில் அப்பா அலுவலகத்திலிருந்து வந்து நின்றிருந்தார். என் ஆட்டம் முடிந்ததும் பரிசளிப்பு. வெற்றி பெறுகிறவர்களை வாழ்த்துவதற்காக முத்தம்மாக்கா ஒரு தாம்பாளத்தில் மஞ்சள் அரிசி கலந்து முன்னாடியே எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டிருந்தார். அட்சதை இல்லாமல் அந்த மண்டபத்தில் எந்த வாழ்த்தும் நடந்ததில்லை.

நாயனம் தொடங்கியது. பயம் போய்விட்டது. தவில் தனியாகப் பேசியது, நான் வளைந்து வந்தேன். கடைசிச் சுழற்சிக்குள் நுழைந்தேன். நாயனமும் தவிலும் சேர்ந்து கெட்டிமேளமாகக் கொட்டின.

நீங்களே சொல்லுங்கள், நம் ஊர்க்காரர்கள் கையில் அட்சதையோடு உட்கார்ந்திருக்கும்போது கெட்டிமேளம் கேட்டால் கை சும்மா இருக்குமா? முதலில் எறிந்தது அண்ணாச்சிதான். அவர் கை தானாகவே எழுந்தது என்று பிற்பாடு சொன்னார். அவரைப் பார்த்து மண்டபம் முழுக்க எழுந்தது. நாலு பக்கமிருந்தும் அரிசி என்மேல் விழுந்தது. சக்கரத்தின் கீழே அது உருண்டது. நான் முழங்கால் அடிபட விழுந்தேன்.

மேளம் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. யாரோ கேசட்டை நிறுத்தினார்கள். முழங்காலிலிருந்து ரத்தம் தரையில் சொட்டியிருந்தது.

தலைமை நடுவர் எழுந்து வந்து பார்த்தார். "இது பிள்ளையின் தவறில்லை. மறுபடி ஆடலாம். ஆனால் தரையில் ஓர் அரிசிகூட இருக்கக் கூடாது" என்றார். விளக்குமாறு போட்டால் அரிசி இன்னும் தூரம் சிதறியது. அதற்குள் அப்பா வந்து என் கையைப் பிடித்தார். "போதும். எந்திரி. வீட்டுக்குப் போவோம்." அத்தனை பேர் முன்னால் நான் என்ன சொல்வது? எழுந்தேன்.

அப்போது அண்ணாச்சி தரையில் மண்டியிட்டார். வெள்ளை வேட்டியோடு, அந்த வயதில், கையை ஊன்றி, ஒவ்வோர் அரிசியாகப் பொறுக்க ஆரம்பித்தார். முத்தம்மாக்காவும் மற்றவர்களும் இறங்கினார்கள். அவர் தவழ்ந்துகொண்டே எங்களிடம் வந்தார். தலையை நிமிர்த்தாமல் பேசினார்.

"தம்பி, எறிஞ்சது நாங்க. விழுந்தது பிள்ள. இப்ப கூட்டிட்டுப் போனீரன்னா அவ விழுந்ததோட போவா. எந்திரிச்சுப் போட்டும்வே."

சொல்லிவிட்டு அப்பாவின் காலடியைக் காட்டினார்.

"உம்ம செருப்புக்குக் கீழ ரெண்டு கெடக்கு. அத எடுத்துத் தாரும்."

அப்பா என் கையை விட்டுவிட்டுக் குனிந்தார். கால்சட்டை மடிப்பு கசங்கக் குனிந்து, அந்த இரண்டு அரிசியையும் எடுத்து அண்ணாச்சியின் உள்ளங்கையில் வைத்தார். அதோடு நிற்கவில்லை. பக்கத்தில் கிடந்ததையும் எடுத்தார். அதற்கும் பக்கத்தில் கிடந்ததையும்.

அண்ணாச்சி தன் துண்டைக் கிழித்து என் முழங்காலில் கட்டினார். இரண்டாம் தடவை கெட்டிமேளம் வந்தபோது நான் சுழன்றுகொண்டே ஒரு கணம் பார்த்தேன். மண்டபத்தில் அத்தனை பேரும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் அந்தச் சுழற்சியை முடித்தேன். மூன்றாவது பரிசு கிடைத்தது. "மூணாவது பந்தியிலதான் பாயாசம் கெட்டியா இருக்கும்" என்றார் அண்ணாச்சி.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். மார்கழியில் மண்டபத்தில் ரத்தம் விழுந்தது என்ற பேச்சு அக்காவின் மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிற்று. வேறு மண்டபம் பாருங்கள் என்றார்கள். அப்பா பார்த்தார். அண்ணாச்சியிடம் போய்ச் சொல்ல அவருக்கு முகம் இல்லை, ஆள் அனுப்பினார். வந்தவரிடம் அண்ணாச்சி, "பொண்ணு நல்லாருக்கட்டும். மண்டபம் என்ன மண்டபம்" என்று சொன்னாராம். கல்யாணத்தன்று பெரிய பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று பெயர் போடாமல் வந்தது. யார் கொடுத்தது என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. அந்த வெட்கம் நாளாக நாளாக அப்பாவிடம் கோபம்போல ஆகிவிட்டது. தை முகூர்த்தங்கள் வேறு சிலவும் அண்ணாச்சியின் கையைவிட்டுப் போயின என்று டீச்சர் சொன்னார். ஆனாலும் அடுத்த மார்கழியில் அவர் எங்கள் பிள்ளைகளுக்கு மண்டபத்தைத் திறந்துவிட்டார். அதற்கு அடுத்த மார்கழியிலும். நான் போகவில்லை. ஒரு தடவை பஸ்ஸிலிருந்து அவரைப் பார்த்தேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். கையைக் காட்டலாமா என்று நினைப்பதற்குள் பஸ் திரும்பிவிட்டது. நன்றி என்று ஒரு சொல் அவரிடம் நான் சொன்னதில்லை.

பரிசுச் சின்னம் எங்கோ போய்விட்டது. சக்கரங்களை அம்மா யாருக்கோ கொடுத்துவிட்டாள். அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது, அந்தத் தரையில் அவர் இருந்த இருப்புதான். ஊரறிந்த பெரிய மனிதர், தன் கையால் ஒரு பிழை நடந்ததும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. உடனே குனிந்தார். தான் குனிந்ததோடு, கோபமாக நின்ற இன்னொருவரையும் மரியாதை குறையாமல் குனியவைத்தார். இனி எனக்கு எது தவறினாலும் முதலில் அதுதான் நினைவுக்கு வரும்.

உள்ளே அப்பா இருமுகிறார். செய்தி வந்த நாளிலிருந்து அவரும் சரியாகத் தூங்குவதில்லை. காலையில் காபி கொடுக்கும்போது கேட்கப் போகிறேன். நான் மட்டும் போய்வருகிறேன் என்று கேட்கப் போவதில்லை. "பதினாறாம் நாளைக்கு நீங்களும் வாங்கப்பா" என்று கேட்கப் போகிறேன். அவர் கோபப்படலாம். இந்தத் தாளை வாங்கிக் கிழித்தும் போடலாம். பயமாகத்தான் இருக்கிறது. கேட்பேன்.