இந்தாமே என்று கூப்பிட்ட நோர்வேக்காரர்

என் மனைவிக்கு நோர்வேயில் ஒரு மாணவர் இருக்கிறார். அறுபது வயது, நாடக நடிகர். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு வீடியோ காலில் வருவார். அந்த ஒரு மணி நேரம் எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடக் கூடாது, டிவி ஓடக் கூடாது, நானும் வாய் திறக்கக் கூடாது.

ஏற்பாடு செய்தவர் மைத்துனர். பழவேற்காட்டில் பிறந்து, கப்பல் வேலைக்குப் போனவர். நோர்வேத் துறைமுகம் ஒன்றில் அவருடைய கப்பல் நின்றபோது நாடகக்காரர்கள் சிலர் வந்து பேசினார்களாம். முதலாளி கைவிட்டுப்போன கப்பலில் மாட்டிக்கொண்ட ஒரு மாலுமியைப் பற்றி அவர்கள் போடவிருந்த நாடகம் அது; மாலுமியாக நடிப்பவர்தான் இந்த மாணவர். அந்த மாலுமி பழவேற்காட்டு ஏரிக்கரைக்காரன். ஊரிலிருக்கும் மனைவியோடு அவன் போனில் பேசும் இடங்கள் மட்டும் தமிழில் வர வேண்டும், அதுவும் எங்கள் பக்கத்துப் பேச்சில். மைத்துனர் தன் அக்காவின் எண்ணைக் கொடுத்துவிட்டார். அவள் கும்மிடிப்பூண்டியில் ஒரு பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர்.

தினமும் டைரி எழுதுகிறவன் நான். அந்த மாதங்களின் பக்கங்களைப் புரட்டினால் என் வேலையைவிட அந்த நோர்வே நடிகருடைய வாழ்க்கைதான் அதிகம் இருக்கிறது. சாப்பிடும்போது அவள் சொல்லச் சொல்ல எனக்கு மனப்பாடமாகிவிட்டது. வடக்கே ஒரு தீவில் பிறந்தார். அப்பா மீன் பிடிப்பவர். நாடக அரங்குக்குத் தச்சு வேலைக்குப் போனார். ஒரு நடிகர் காலை உடைத்துக்கொண்ட நாளில், கையில் தாளை வைத்துக்கொண்டு அவருக்குப் பதிலாக மேடையேறினார். பிறகு இறங்கவேயில்லை. பஸ்ஸிலும் படகிலும் பனியில் ஊர் ஊராகப் போய் நடித்தார். பாதிரியார், ராஜாவின் தம்பி, குழந்தைகள் நாடகத்தில் நாய். எல்லாமே சின்ன வேஷங்கள். மேடையில் தனி ஆளாக நிற்கப்போவது இதுதான் முதல் தடவை.

"பயமா இருக்குதாம், பாவம்," என்றாள்.

நான் தொழிற்பேட்டையில் ஓர் இரும்புக் கம்பெனியின் எடைமேடைக்குப் பொறுப்பாளன். அன்று ஒரு லாரி திரும்பும்போது என் அறையின் சுவரை இடித்துவிட்டது. கொஞ்சம் தள்ளியிருந்தால் நான் இல்லை. அதைச் சொல்லத் தொடங்கினேன்.

"சோறு ஆறிக்கினு இருக்குது பாரு," என்றாள்.

"எம் மேடை மேடையில்லியா?"

"உம் மேடையில லாரிதான நிக்குது? நீயா நிக்கிற?"

அடுத்த ஞாயிறு நான் பக்கத்து அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். மாலுமி மனைவியை எப்படிக் கூப்பிடுவான், பெயர் சொல்லியா என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை, எங்கள் பக்கம் பலர் பெயர் சொல்வதில்லை என்றாள். உங்கள் கணவர் எப்படிக் கூப்பிடுவார் என்றார். அவள் ஒருமுறை தொண்டையைக் கனைத்தாள். பிறகு, கடைசி எழுத்தை இழுத்து, "இந்தாமே" என்றாள். அப்படியே நான்.

அவர் "இண்டாமி" என்றார். அவள் சிரித்தாள். திரும்பத் திரும்பச் சொல்லவைத்தாள். அவரும் சலிக்கவில்லை. திடீரென்று ஒரு தடவை கனைத்து, இழுத்து, சரியாகச் சொன்னார். என் குரல் அந்த போனிலிருந்து வந்தது.

"இன்னா?" என்றாள் என் மனைவி.

பாடத்துக்காகச் சொன்னாளா, பழக்கத்தில் வாயில் வந்ததா, தெரியவில்லை. நான் கூப்பிட்டால் சில வருடங்களாக 'உம்' மட்டும்தான் வருகிறது. சட்டைக் காலர் லேசாகக் கருகியிருந்தது.

வீடியோ கால் முடிந்ததும் கேட்டேன். "அத ஏன் அவருக்குக் குடுத்த?"

"எத?"

"நான் உன்னக் கூப்புடறத."

"இன்னாய்யா, சொத்தையா எழுதிக் குடுத்துட்டேன்? ஊர்ல பாதி ஆம்பள அப்பிடித்தான் கூப்புடறான்."

"கனைப்பையும் சேத்துல்ல குடுத்த?"

அதற்கும் சிரித்தாள். இதையும் அவரிடம் சொல்வாள் என்று தோன்றியது.

அன்றிலிருந்து நான் அவளை அப்படிக் கூப்பிடவில்லை. வாயைத் திறந்தால் போனில் தெரியும் அவருடைய நரைத்த தாடிதான் நினைவுக்கு வந்தது. சுவரைப் பார்த்து, "துண்டு எங்க இருக்குது?" என்பேன். கதவைத் தட்டுவேன். அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. அதுவும் சேர்ந்து எரிந்தது.

ஒருநாள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தது. மோட்டார் சுவிட்ச் கீழே, அவள் பக்கத்தில். கைதட்டினால் கேட்காது. வேறு வழி தெரியாமல் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

கையில் ஒட்டிய மாவோடு, செருப்பில்லாமல் படியேறி ஓடிவந்தாள்.

"இன்னா ஆச்சு? யாருக்கு இன்னா?"

"தொட்டி வழியுது."

மூச்சு வாங்கப் படியில் உட்கார்ந்துவிட்டாள். "இதுக்கா பேரச் சொன்ன? தம்பி கப்பல்ல எதுனா ஆயிப்போச்சின்னு நெனச்சிட்டேன்யா." கொஞ்ச நேரம் போனதும் அவள் முகம் மாறியது. "இத அவராண்ட சொல்லணும். நாடகத்துக்கு ஆவும்."

"சொல்லாத," என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. "இது ஒண்ணாவது நம்ம ஊட்டுல இருக்கட்டும்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கேலி செய்யப்போகிறாள் என்று நினைத்தேன். செய்யவில்லை.

"சரி, சொல்லல. நீ பழையபடி கூப்புடு. பேரு வேணாம், கொல நடுங்குது."

"பழசுதான் இப்ப அவருதாச்சே."

"அவரு ஞாயித்துக்கெழம மட்டுந்தான் கூப்புடறாரு. மத்த ஆறு நாளும் உன்னுது," என்று மோட்டாரை நிறுத்தக் கீழே போனாள்.

அன்று சனிக்கிழமை.