கழுவெளியை வலம் வந்தோம்

என் கணவருக்குப் பறவைப் பைத்தியம். எனக்கு அது கிடையாது. கல்யாணமான வருடம் முதல் ஐப்பசி பிறந்தால் வேங்கிக்கால் வீட்டை விடியுமுன் பூட்டிக்கொண்டு பைக்கில் மரக்காணத்துக்குக் கிளம்பிவிடுவோம். கடலை ஒட்டிய கழுவெளிச் சதுப்பில் பறவைகள் வந்து இறங்கும் பருவம் அது. காலை வெயிலில் அவர் பைனாகுலரோடு நிற்பார். நான் புளிச்சோற்றுத் தூக்கோடு கொசுவைத் திட்டிக்கொண்டு நிற்பேன்.

இந்த வருடம் நான் யாரையும் திட்டவில்லை. அவருடைய கண் நரம்பு பட்டுப்போய்க்கொண்டு வருகிறது, போன பார்வை போனதுதான், சொட்டு மருந்து மிச்சத்தைக் காப்பாற்றினால் உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். வண்டி ஓட்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டதால் பஸ் மாறி மாறிப் போனோம். அவரே தனக்கொரு பரீட்சை வைத்துக்கொண்டார்.

"பூநாரையோட ரோஸ் கலர் தெரியுற வரைக்கும் கவலையே இல்ல" என்றார் பஸ்ஸில். அந்த வார்த்தையை நானும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிட்டது. உப்பளத்தை ஒட்டிய குட்டையின் நடுவில் பூநாரைக் கூட்டம் நின்றது. வடக்குக் கரையில் ஏறியதும் வழக்கம்போல, தண்ணீர் வலக்கைப் பக்கம் வரும்படி நடந்தோம். அவர் செருப்பைக்கூடக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்கள் ஊர் மலையை வலம் வருகிற கால்களுக்கு வேறு பக்கம் திரும்பத் தெரியாது. கிழக்குக் கரையில் நின்று பைனாகுலரைத் தூக்கியவர், சற்று நேரத்தில் இறக்கினார்.

"எல்லாம் கறுப்பா இருக்கே."

நானும் வாங்கிப் பார்த்தேன். எனக்கும் கறுப்பாகத்தான் தெரிந்தன. எதிரே, மேற்கில், சூரியன்! எனக்கு உயிர் வந்தது.

"காலைல வந்தப்போ இந்தக் கரை சரி. இப்போ வெயிலப் பாத்து நின்னா எப்படிங்க தெரியும்? அந்தக் கரைக்கு இல்ல போயிருக்கணும்!"

அவரும் சிரித்துவிட்டார். "அப்பிரதட்சணமா போகச் சொல்ற?"

"சாமி ஒண்ணும் கோச்சிக்காது, வாங்க."

வந்த வழியே திரும்பி மேற்குக் கரைக்குப் போனோம். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடாத குறைதான். வெயில் இப்போது முதுகில் சுட்டது. வெறும் கண்ணுக்கே பூநாரைகள் ரோஸாகத் தெரிந்தன. ஒன்று இறக்கையை விரித்தபோது உள்ளே நல்ல சிவப்பு.

அவர் வெகுநேரம் பார்த்தார். பைனாகுலரைத் திருகினார். வேட்டி நுனியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இங்கயும் அப்படியேதான் இருக்கு" என்றார் நிதானமாக. "வெயில் மேல தப்பு இல்ல."

பைனாகுலரைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார்.

"நீ பாத்து சொல்லு."

கண்ணில் வைத்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்ததில் எனக்கு ஒரு பறவைகூடத் தெரியவில்லை.

"ரோஸ்ங்க" என்றேன். "நல்ல ரோஸ்."